ஜாடை தெரிகிறது

எல்லோருக்கும் வணக்கம்.

கொலை வழக்கில் சாட்சி என்றதுமே பொய்ச் சாட்சியைப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கு அந்தப் பயம் குறைவு. பொய் சொல்பவரைக் குறுக்கு விசாரணையில் மடக்கிவிடலாம். ஆனால் மனதார நம்பி, சத்தியம் செய்து, தவறான ஆளைப் பார்த்து “இவரேதான் ஐயா” என்று ஒருவர் சொன்னால்? அவரை எந்த வக்கீலாலும் எளிதில் அசைக்க முடியாது.

1908 டிசம்பர் 21. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். எண்பதைத் தாண்டிய மேரியன் கில்கிறிஸ்ட் என்ற அம்மையார் மாடி வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண்ணோடு இருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தப் பெண் செய்தித்தாள் வாங்கப் போனாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மேலே ஏதோ சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குள் அந்தப் பெண்ணும் வந்து கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒருவன் சாவகாசமாக நடந்து வந்தான். இருவரையும் கடந்ததும் படியிறங்கி ஓடிவிட்டான். உள்ளே அம்மையார் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். தெருவில் ஒருவன் தன்மேல் மோதிவிட்டு ஓடியதாக 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் சொன்னாள். மூவரும் அவனைப் பார்த்தது சில விநாடிகள்தான்.

வீட்டில் ஒரு வைர ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை, காணோம். ஆஸ்கார் ஸ்லேட்டர் என்ற ஜெர்மானிய யூதர் ஒரு வைர ப்ரூச்சை அடகு வைத்திருந்தார். வேறு பெயரில் அமெரிக்காவுக்குக் கப்பலும் ஏறியிருந்தார். அந்த ப்ரூச் வேறு, கொலைக்கு முன்பே அடகுக்குப் போனது என்று தெரிந்த பிறகும் போலீஸ் அவரை விடவில்லை.

ஸ்லேட்டரை அடையாளம் காட்ட மூன்று சாட்சிகளையும் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். கப்பலில் அந்தப் பெண்ணுக்கும் சிறுமிக்கும் ஒரே அறை. வழக்கைப் பற்றி வழியில் பேசிக்கொள்ளவே இல்லை என்று இருவரும் சொன்னார்கள். சிறுமிக்கு ஸ்லேட்டரின் படத்தை முன்கூட்டியே காட்டியிருந்தார்கள். அப்புறம், விசாரணை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சாட்சிகள் நிற்கும்போதே, காவலர்களுக்கு நடுவில் ஸ்லேட்டர் வந்தார். யாரை அடையாளம் காட்ட வேண்டும் என்று இதற்கு மேல் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை, நடையை வைத்துச் சொல்கிறேன் என்றுதான் வேலைக்காரப் பெண் நியூயார்க்கில் சொன்னாள். 1909 மே மாதம் எடின்பரோவில் வழக்கு நடந்தபோது முகத்தையும் பார்த்ததாகச் சொன்னாள். அவள் வேண்டுமென்றே பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. கொலை நடந்த அன்று பார்க்காத முகத்தின் இடத்தில், பிறகு பார்த்த முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் எல்லோருடைய ஞாபகமும் இப்படித்தான்.

15 ஜூரிகளில் 9 பேர் குற்றவாளி என்றார்கள். அன்றைய ஸ்காட்லாந்தில் அந்தப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. தூக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது ஆயுள் தண்டனையாக மாறியது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் உட்படப் பலர் போராடியும் ஸ்லேட்டர் 18 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 1928-இல்தான் தீர்ப்பு ரத்தானது. அதுவும், நீதிபதி ஜூரிகளுக்குத் தவறாக வழிகாட்டினார் என்பதற்காக.

நம் நாட்டில் அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட் நடத்துகிறார். போலீஸ் அங்கே நிற்கக் கூடாது. கைதானவரோடு ஏறக்குறைய ஒரே மாதிரி தோற்றமுள்ளவர்களை வரிசையில் நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை அணிவகுப்பு இல்லாமல் முதல் தடவையாக நீதிமன்றத்திலேயே சாட்சி காட்டினால் அதற்கு மதிப்பில்லை என்று கேரள வழக்கு ஒன்றில் 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைதானவரின் படம் அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டால், பத்து நாள் கழித்துச் சிறையில் வரிசை நிறுத்தி என்ன பயன்? சாட்சி கொலைகாரனை ஞாபகம் வைத்துச் சொல்கிறாரா, செல்போனில் பார்த்த படத்தை வைத்துச் சொல்கிறாரா? இங்கே இருக்கும் இளம் வக்கீல்கள் இந்தக் கேள்வியை ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டும். முதல் நாள் வாக்குமூலத்தில் சாட்சி என்ன சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று வரிவரியாகப் படிக்க வேண்டும்.

கண்ணாடி போடாமல் வந்த அந்தக் கீழ்வீட்டுக்காரரை மறந்துவிடாதீர்கள். நியூயார்க்கிலும் எடின்பரோவிலும் கேட்டார்கள். அந்த ஆளின் ஜாடை நன்றாகத் தெரிகிறது என்றாரே தவிர, இவர்தான் என்று கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. அரசுத் தரப்புக்கு அவர் சுமாரான சாட்சி. என்னைக் கேட்டால், அந்த மூவரில் சரியாகச் சாட்சி சொன்னவர் அவர் ஒருவர்தான்.