நைட்ரோபாக்டரா, நைட்ரோஸ்பைராவா? கசட்டில் ஃபிஷ் சோதனை

[காட்சி: காற்றூட்டத் தொட்டி, நுரைக்கும் பழுப்பு நீர்]

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இந்தத் தொட்டியில், கசட்டிலுள்ள பாக்டீரியாவால் அம்மோனியா நைட்ரைட்டாகிறது, நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. இரண்டாவது வேலை நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியாவுடையது என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. நைட்ரைட்டை அள்ளிக் கொட்டிய குடுவையில் வளர்த்தால் அதுதான் முந்தும். 1990களில் கசட்டை வளர்க்காமல் அப்படியே ஒளிரவைத்துப் பார்த்தார்கள். பல நிலையங்களில் கொத்துக்கொத்தாகத் தெரிந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு பாக்டீரியா!

[காட்சி: ரைபோசோம் வரைபடம்]

பார்க்கும் முறையின் பெயர் ஃபிஷ் (ஃப்ளூரசன்ஸ் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன்). பாக்டீரியாவின் ரைபோசோமில் உள்ள 16எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற ஆர்என்ஏவின் ஒரு துண்டோடு மட்டும் இணையும் 18, 20 எழுத்து நீள டிஎன்ஏ, அதன் நுனியில் ஒளிரும் சாயம்: இதுதான் ப்ரோப். சுறுசுறுப்பான செல்லில் ஆயிரக்கணக்கில் ரைபோசோம்கள் இருப்பதால் செல் முழுக்க மின்னும். பட்டினி கிடந்த செல் மங்கலாகவே தெரியும்.

[காட்சி: குழாயில் கசடு]

கசடு ஒரு பங்கு, புதிதாகத் தயாரித்த 4% பாராஃபார்மால்டிஹைடு மூன்று பங்கு. செல்களை அப்படியே நிலைநிறுத்த, 4 டிகிரியில் 2 மணி நேரம். நாள்கணக்கில் விட்டால் புரதங்கள் இறுகி, ப்ரோப் உள்ளே நுழையாது. தடித்த செல்சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் வகைகளைத் தேடினால் இது வேண்டாம். சம அளவு எத்தனால் போதும். பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, பிபிஎஸ்ஸும் எத்தனாலும் சரிபாதியாகக் கலந்து, மைனஸ் 20இல் வைக்கலாம்.

ஸ்லைடில் 10 மைக்ரோலிட்டர் போதும். தடிப்பாகப் போட்டால் கழுவும்போது பெயர்ந்து போகும். உலர்ந்தபின் 50, 80, 96% எத்தனாலில் தலா 3 நிமிடம்.

[காட்சி: பிப்பெட், பஃபர்]

ப்ரோப் இணைவதற்கான பஃபர் 2 மில்லிலிட்டருக்கு: 5 மோலார் உப்புக் கரைசல் 360 மைக்ரோலிட்டர், 1 மோலார் டிரிஸ் 40, ஃபார்மமைடு 700, தண்ணீர் 898, கடைசியாக 10% எஸ்டிஎஸ் (ஒரு சோப்புப் பொருள்) 2. எஸ்டிஎஸ்ஸை முதலில் விட்டால் செறிந்த உப்பில் படிந்துவிடும். ஃபார்மமைடு நச்சு, புகைக்கூண்டுக்குள்தான் கையாள வேண்டும்.

ஃபார்மமைடு ப்ரோபின் பிடியைத் தளர்த்தும். அந்த 35% அளவில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. குறைந்தால் ஓரெழுத்து மாறிய அந்நிய பாக்டீரியாவும் ஒளிரும். கூடினால் வேண்டியதே ஒளிராது. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாவுக்கான என்எஸ்ஓ1225, நைட்ரோஸ்பைராவுக்கான என்டிஎஸ்பிஏ662 ஆகிய இரு ப்ரோப்களுக்கும் இதே அளவுதான். அதனால் ஒரே ஸ்லைடில் இரு நிறம் பார்க்கலாம். பின்னதோடு சாயமில்லாத போட்டி ப்ரோபையும் சம அளவு சேருங்கள். கிட்டத்தட்ட ஒத்த வரிசைகளை அது அடைத்துக்கொள்ளும்.

ப்ரோப் கலந்த பஃபரை ஸ்லைடில் விட்டபின் 46 டிகிரி, ஒன்றரை முதல் 2 மணி நேரம், மூடிய குழாய்க்குள். உள்ளே வைக்கும் டிஷ்யூவை மிச்ச பஃபரிலேயே நனையுங்கள். வெறும் தண்ணீரில் நனைத்தால் ஸ்லைடிலுள்ள ஃபார்மமைடின் செறிவு மாறிவிடும். பிறகு 48 டிகிரியில் 15 நிமிடம் கழுவல். கழுவும் பஃபரில் ஃபார்மமைடு இல்லை. உப்பைக் குறைத்தே, தவறான இணைப்பைத் தடுக்கும் அதே கடுமையைக் கொண்டுவருகிறோம். 50 மில்லிலிட்டருக்கு 5 மோலார் உப்பு 700 மைக்ரோலிட்டர். பனிக்குளிர் நீரில் ஓரிரு நொடி முக்கி, காற்றூதி உடனே உலர்த்துங்கள்.

[காட்சி: நுண்ணோக்கியில் சிவப்பு, பச்சைக் கொத்துகள்]

ஒளிர்ந்ததையெல்லாம் நம்பிவிடாதீர்கள். கசட்டிலுள்ள நார், தாதுத்துகள், சில இழை பாக்டீரியா தாமாகவே ஒளிரும். ப்ரோப் இல்லாத ஸ்லைடு ஒன்று, எதோடும் இணையாத நான்338 ப்ரோப் போட்டது ஒன்று, கட்டாயம் வேண்டும். எல்லா பாக்டீரியாவுக்குமான இயூபி338 ப்ரோப் கலவையே மங்கினால், நைட்ரோஸ்பைரா தெரியாததற்கு அர்த்தமே இல்லை, கோளாறு செயல்முறையில்.

அடர்ந்த கொத்துக்குள் செல்களை எண்ணப் பார்க்காதீர்கள். கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் 20, 30 புலங்களைப் படமெடுத்து, இயூபி338 ஒளிர்ந்த பரப்பில் நைட்ரோஸ்பைரா எத்தனை சதவீதம் என்று அளப்பதே வழி.