அடுக்களைப் புகை

நேயர்களுக்கு வணக்கம். இந்தியத் தருக்க நூல் எதைப் புரட்டினாலும் ஒரு மலை வரும், அதில் புகை வரும், கூடவே ஓர் அடுக்களையும் வரும். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்க்கிறோமே அதுபோல என்பது வாதம். ஆன்மா, பிரபஞ்சம் என்று பேசுகிறவர்களுக்கு அடுப்படியில் என்ன வேலை?

எடுத்துக்காட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, நியாயம் என்னும் தருக்க மரபின் மூல நூலான நியாய சூத்திரம் கறாரான நிபந்தனை வைத்திருக்கிறது. படித்தவரும் பாமரரும் அதில் ஒத்துப்போக வேண்டும். எதிராளி ஏற்காத உதாரணத்தைச் சொன்னால், சண்டை மலையை விட்டு உதாரணத்துக்கு மாறிவிடும். அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை யார் மறுப்பார்?

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இந்த வாதத்தை ஐந்து உறுப்பாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடையது ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். ‘வகையமை அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. மலையும் புகையுடையது என்று எடுத்துக்காட்டை மலைக்குப் பொருத்தினால் உபநயம். ஆகவே நெருப்புடையது என்று முடித்தால் நிகமனம், அதாவது முடிவு. நெருப்பில்லாத இடத்தில் புகை இராது என்பதற்குத் தண்ணீரைக் காட்டுகிறார். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்பது பௌத்தர் கட்சி. சபையில் வாய்விட்டு வாதாட ஐந்தும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தவறு வருவது திருப்பிப் போடும்போது. புகை இருந்தால் நெருப்பு உண்டு, சரி. நெருப்பு இருந்தால் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைப் பாருங்கள். தொட்டால் சுடும், புகையாது. புகைய வேண்டுமானால் ஈர விறகும் சேர வேண்டும். இப்படிக் கூடுதலாகத் தேவைப்படும் நிபந்தனைக்குத்தான் தருக்கத்தில் ‘உபாதி’ என்று பெயர்; இங்கே அது ஈர விறகு. அதை அடையாளம் காண வழி இது: புகை உள்ள இடமெல்லாம் அது இருக்கும், நெருப்பு உள்ள இடமெல்லாம் இராது. கேஸ் அடுப்பு வந்ததும் அடுக்களை உதாரணம் செல்லாமல் போயிற்று என்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்த நீலச் சுடர் இரும்புக் குண்டுக்குத் தம்பி, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், கண்டது புகைதானா என்பது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிவதை மணிமேகலை தனிக் குற்றமாக எண்ணுகிறது. தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பின் மேலும் சற்று நேரம் புகை மிதக்கும். அதனால் பிற்கால நியாய நூலார் ‘அடி அறாத புகை’ என்று இறுக்கிச் சொன்னார்கள். மலையுச்சியில் ஒட்டிக் கிடக்கும் வெண்மை போதாது; அது தரையிலிருந்து விடாமல் எழுகிறதா என்று பார்க்க வேண்டும்.