வாசல் ஏன் மேலே இருக்கிறது?

நண்பர்களே, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு முன்னால் பாதையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாதையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. போக வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 420 மீட்டர். வயலோரமாகத் தொடங்கும், ஓடையைத் தாண்டும், புதர்க்காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும், அப்புறம் முகடு. முகட்டின் கடைசியில் அந்தப் பழைய காவல் கோபுரம். மிதமான நடைதான். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவருக்கு இது முடியும், ஆனால் மறுநாள் தொடை வலிக்கும். அவ்வளவே.

பேச வேண்டியது கோபுரத்தைப் பற்றி. ஏனென்றால் நம்மில் பலர் மூன்று மணி நேரம் நடந்து போய், அங்கே பத்து நிமிடம் நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

முதன்முறை போனபோது கோபுரத்தை இரண்டு சுற்று சுற்றினேன். வாசலைக் காணவில்லை. மூன்றாவது சுற்றில் தற்செயலாக நிமிர்ந்தேன். என் தலைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. கட்டியவர் கணக்குத் தப்பிவிட்டாரோ என்று நினைத்தேன். கணக்கெல்லாம் சரிதான். ஜெர்மனியில் ரோமானியர் அமைத்த எல்லைக்கோடு சுமார் 550 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறக்குறைய 900 காவல் கோபுரங்கள் இருந்தன. அவற்றுக்கும் பொதுவாக முதல் மாடியில்தான் வாசல். கார்சிகா தீவின் கரையில் ஜெனோவாக்காரர்கள் கடற்கொள்ளையருக்குப் பயந்து கட்டிய கோபுரங்களிலும் அதே ஏற்பாடு. ஏணி வைத்து ஏற வேண்டும், ஏறியதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் நாலைந்து பேர். வருகிற கூட்டத்தோடு அவர்களால் சண்டை போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. செய்தி அடுத்த கோபுரத்துக்குப் போய்ச் சேரும் வரை உயிரோடு தாக்குப்பிடித்தால் போதும். அதனால் காவல் கோபுரத்தைக் குட்டிக் கோட்டை என்று எண்ணாதீர்கள். அது ஒரு கண், ஒரு குரல். அந்த வாசல் குரல் அடங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிற ஏற்பாடு.

சரி, கண்ணுக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. தரையிலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கிடைக்கும். கடற்கரையில் நிற்கிற ஒருவருக்கு நாலரை கிலோமீட்டர் சொச்சம். சமவெளிக்கு மேல் 200 மீட்டர் உயர்ந்த குன்றில் நின்றால் 50.5 கிலோமீட்டர். அந்தக் குன்றின் மேல் 10 மீட்டர் கோபுரம் கட்டினால்? 51.7. அதாவது அத்தனை கல்லைச் சுமந்து, சுண்ணாம்பு குழைத்து, உயிரைக் கொடுத்துக் கட்டியதற்குக் கிடைத்த லாபம் ஒன்றேகால் கிலோமீட்டர்!

அப்படியென்றால் எதற்குக் கட்டினார்கள்? பதில் தூரத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. குன்றுகள் பெரும்பாலும் உருண்டை முதுகு உள்ளவை. உச்சியில் நின்றால் பத்து மைல் தள்ளி இருக்கும் ஊர் தெரியும், ஆனால் முன்னூறு அடி கீழே ஏறி வருகிற ஆள் தெரியமாட்டான். சரிவின் வளைவு அவனை மறைத்துவிடும். பத்து மீட்டர் மேலே போனால் அந்த மறைவிடத்தின் பெரும்பகுதி கண்ணுக்குள் வந்துவிடும். ஞாயிறன்று இதைச் சோதித்துப் பாருங்கள். முன்னால் போகிற ஒருவர் கோபுரத்தடியில் நின்றுகொள்ளட்டும். பின்னால் வருகிறவர்களின் தொப்பி எந்த இடத்தில் முதலில் தலைகாட்டுகிறது என்று பார்க்கட்டும். கடைசி ஏற்றத்தில் நாம் எல்லோரும் கொஞ்ச நேரம் மறைந்தே போய்விடுவோம்.

கோபுரத்தின் உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த கோபுரத்தின் கண்ணில் அது பட வேண்டும். மால்டாவில் 1658, 1659 இரண்டே வருடத்தில் கரையோரமாக 13 கோபுரங்கள் எழுப்பினார்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும் என்பதுதான் திட்டம். வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் பேரரசன் 122 ஆம் ஆண்டில் தொடங்கிய சுவரில் ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு காவல் கோட்டை, இரண்டு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள். ஏறக்குறைய அரைக் கிலோமீட்டருக்கு ஒரு ஜோடிக் கண்.

குரல் விஷயத்தில் சீனர்களை மிஞ்ச ஆளில்லை. பகலில் புகை, இரவில் தீ என்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. மிங் அரசர்கள் 15 ஆம் நூற்றாண்டில் அதோடு வேட்டுச் சத்தத்தையும் சேர்த்து எண்ணிக்கையும் சொல்ல வைத்தார்கள். நூறு பேர் அளவில் வந்தால் ஒரு புகை, ஒரு வேட்டு. ஐந்நூறு என்றால் இரண்டு. ஆயிரத்துக்கு மேல் மூன்று, ஐயாயிரத்துக்கு மேல் நான்கு, பத்தாயிரத்துக்கு மேல் ஐந்து. மூடுபனியில் புகை தெரியாது, ஆனால் வேட்டுச் சத்தம் கேட்கும். எதிரி வருகிறான் என்றால் பயம் மட்டும்தான் மிஞ்சும். எத்தனை பேர் என்றும் தெரிந்தால் ஒரு வேலை பார்க்க முடியும், இல்லையா?

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்த ஆட்களின் அலுப்பு. எதிரி வந்த நாள் வருடத்தில் எத்தனை இருந்திருக்கும்? மற்ற நாளெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சீனாவின் வடமேற்குப் பாலைவனத்தில் ஹான் காலத்துக் காவல் நிலைகளிலிருந்து எழுத்துள்ள மரச்சீவல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவை. வீரக்கதை தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார். யாருக்கு எவ்வளவு தானியம், யார் காவல் முறை, இருப்பில் எத்தனை அம்பு, எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து சமிக்ஞை வந்தது என்ற கணக்கு வழக்குத்தான் நிறைய. கார்சிகாவின் காவலர்களுக்கும் கோபுரத்திலேயேதான் குடியிருப்பு. சாமான் வாங்க ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இறங்கலாம், அதுவும் இரண்டு நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நாம் உற்சாகமாக ஏறப்போகிற பாதை மாதிரி ஒன்றில் ஒரு மனிதன் மாவு மூட்டையைச் சுமந்துகொண்டு சலிப்போடு ஏறியிருப்பான்.

இடையில் ஒரு வேடிக்கை. 1794 இல் அதே கார்சிகாவில் மோர்டெல்லா முனையில் இருந்த ஒற்றைக் கோபுரத்தை இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மணிக்கணக்கில் சுட்டுப் பார்த்தன. உள்ளே முப்பத்துச் சொச்சம் பேர்தான். கோபுரம் அசையவில்லை, கப்பல்தான் அடிபட்டுப் பின்வாங்கியது. பிறகு தரைவழியே பீரங்கி கொண்டுவந்துதான் பிடித்தார்கள். அசந்துபோன பிரிட்டிஷார் 1805 முதல் தங்கள் தெற்கு, கிழக்குக் கரைகளில் அதே பாணியில் 103 கோபுரங்கள் கட்டினார்கள். பெயரை மட்டும் தப்பாகக் காதில் வாங்கி ‘மார்டெல்லோ’ ஆக்கிவிட்டார்கள்.

இப்போது நேரக் கணக்கு. 1892 இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நமக்கு 14 கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் மணி, 420 மீட்டர் ஏற்றத்துக்கு 42 நிமிடம், ஆக மூன்றரை. இது நிற்காமல் நடக்கிற திடமான ஆளுக்கு. கூட்டமாகப் போனால் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்வார், ஒருவர் பறவை பார்ப்பார். நான் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். அதோடு மேலே ஒரு மணி நேரம். இந்த ஒரு மணியை யாரும் வெட்ட வேண்டாம் என்று கேட்கத்தான் இத்தனை பேச்சும்.

சீக்கிரம் கிளம்புவதற்கும் காரணம் இருக்கிறது. ஒருமுறை சோம்பேறித்தனமாகப் பத்தரைக்குக் கிளம்பி, ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெயிலில் புழுதியும் ஈரமும் சேர்ந்து தூரமெல்லாம் பால் கரைத்த மாதிரி இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. கோபத்தில் வேகமாக இறங்கி, சரளைக்கல்லில் வழுக்கி, முழங்காலைப் பிசகிக்கொண்டேன். இறக்கத்தில்தான் முழங்கால் கெடும், ஏற்றத்தில் மூச்சு மட்டும்தான் வாங்கும். ஊன்றுகோல் இருப்பவர்கள் இறங்கும்போது அதைச் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள். இடி கேட்டால் முகட்டைவிட்டு உடனே இறங்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் உயரமான ஒரே பொருள் அந்தக் கோபுரம்தான், அதனடியில் ஒதுங்கக்கூடாது. சுவரின் மேல் யாரும் ஏறவும் வேண்டாம், மேல்வரிசைக் கற்களில் பாதி சும்மா உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். பைனாகுலர் ஒன்று போதும், நான் கொண்டுவருகிறேன்.

அதை எதற்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த கோபுரம் எங்கே என்று எனக்கு இரண்டு முறை தெரியவில்லை. மூன்றாவது முறை, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். வடகிழக்கில் ஒரு மலை விளிம்பு, அதில் உடைந்த பல் மாதிரி ஒரு துருத்தல். பாறை என்று முன்பே பார்த்துவிட்டுத் தள்ளிய இடம். பைனாகுலரைத் திருப்பினேன். பாறைக்கு நேர்க்கோடு கிடையாது. இதற்கு இரண்டு பக்கமும் நேராக இருந்தது, மேல்பாதியில் ஒரு கறுப்புச் சதுரம். அதுதான் வாசல். அதுவும் உயரத்தில்தான் இருந்தது.