கிங் ஃபெலிக்ஸுக்கு விழா, எனக்கு சின்னப் பசங்க சட்டை | சியாட்டில் வ்லாக்

வணக்கம் மக்களே. தொண்டை கட்டிப்போச்சு, நேத்து கத்துன கத்து அப்படி. ஒண்ணுக்கு பூஜ்ஜியம். பத்து இன்னிங்ஸ் பேஸ்பால் உக்காந்து பார்த்துட்டு ஒண்ணுக்கு பூஜ்ஜியம்னு தோத்துட்டு வந்திருக்கோம், அதுவும் எந்த நாள்ல, ஃபெலிக்ஸோட நாள்ல! இருங்க இருங்க, கோவத்துல நடுவுலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன்.

நேத்து 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் டீம், அவங்களுக்கு பிட்சரா, அதாவது பந்து போடறவரா இருந்த நம்ம 'கிங்' ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸை அவங்க ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது பெரிய வீரர்களுக்கு மரியாதை செய்யற பட்டியல்ல சேர்த்தாங்க. கூப்பர்ஸ்டவுன்ல மொத்த பேஸ்பாலுக்கும் இருக்கற பெரிய ஹால் ஆஃப் ஃபேம் இல்ல, இது டீமோட சொந்தம், கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. டிக்கெட் புக் பண்ண அன்னிக்கே ஒரு வீடியோ போட்டேன், ஞாபகம் இருக்கும். அதுல "என்கிட்ட ஒரிஜினல் கிங்ஸ் கோர்ட் மஞ்ச டிஷர்ட் இருக்கு, அதைப் போட்டுட்டுதான் போவேன்"னு சவால் விட்டிருந்தேன்ல. அந்த டிஷர்ட் கதைய மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா மனசு ஆறாது.

புதுசா வந்தவங்களுக்கு, கிங்ஸ் கோர்ட்னா ஃபெலிக்ஸ் ஆடின காலத்துல, அவர் பந்து போடற அன்னிக்கு மட்டும் லெஃப்ட் ஃபீல்டு மூலைல ஒரு பகுதிய ரசிகர்களுக்குன்னு ஒதுக்கிடுவாங்க, 2011ல ஆரம்பிச்சது. டிக்கெட் வாங்கினா ஒரு மஞ்ச டிஷர்ட்டும், கே எழுத்து போட்ட அட்டையும் சும்மா கொடுப்பாங்க. நல்ல பந்த அடிக்காம விட்டாலோ சுத்தித் தவறவிட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், மூணு ஆனா ஸ்ட்ரைக் அவுட், அதுக்கு ஸ்கோர் ஷீட்ல கே-ன்னுதான் எழுதுவாங்க, அதான் அந்த அட்டை. ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்ததுமே மொத்தக் கூட்டமும் எழுந்து "கே கே கே"ன்னு கத்தும் பாருங்க... சரி, டிஷர்ட். வியாழக்கிழமை ராத்திரி அலமாரிய குடைஞ்சா ஆளைக் காணோம். திருச்சிக்கு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். போன வருஷம் இங்க வந்து ஆறு மாசம் இருந்தாங்கல்ல. "அந்த மஞ்ச சட்டையாடா? அது சாயம் போயிருந்துச்சே, ரெண்டா கிழிச்சு அடுப்பு மேடை துடைக்க வச்சேன், நல்லா தண்ணி உறிஞ்சுது"ன்னாங்க. நல்லா தண்ணி உறிஞ்சுதாம்! சிங்க்குக்கு அடியில போய்ப் பார்த்தா பாதி கிடைச்சுது. மஞ்சளும் இல்ல கறுப்பும் இல்ல, ஒரு மாதிரி சாம்பார் கலர்.

அப்புறம் என்ன, பழைய சாமான் விக்கற சைட்ல தேடி, இங்க பக்கத்துலயே ஒருத்தர் வச்சிருந்தாரு, முப்பத்தெட்டு டாலர். சும்மா கொடுத்த சட்டைக்கு முப்பத்தெட்டு டாலர் மக்களே! பேரம் பேசினேன், ஒரு டாலர் கூட இறங்கல. "இந்த வாரம் டிமாண்ட் ஜாஸ்தி"ங்கறாரு மனுஷன். எல் சைஸ்னு போட்டிருந்துச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் வாங்கிட்டு வந்து போட்டுப் பார்த்தா தொப்புள் தெரியுது. எல் தான், ஆனா சின்னப் பசங்க எல். எங்க வீட்டுல சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. ஆனா போட்டுட்டுதான் போனேன், மேல ஜாக்கெட்ட மாட்டிட்டு. நார்த்கேட்ல கார விட்டுட்டு லைட் ரெயில்ல போனோம், ஸ்டேடியம் பார்க்கிங்குக்கு காசு கொடுக்கறதில்லன்னு என் கொள்கை உங்களுக்கே தெரியும். ட்ரெயின்ல ஒரு அங்கிள், நம்ம ஊர்க்காரர், சட்டையப் பார்த்துட்டு "என்ன தம்பி, சிஎஸ்கேவா?"ன்னாரு. போன மாசம்தான் நம்ம சியாட்டில் கிரிக்கெட் டீம் ஆர்க்காஸ் ஃபைனல்ல தோத்த துக்கம், இவரு வேற.

சரி, ஃபெலிக்ஸ். ஏன் இந்த ஆளு மேல இவ்ளோ பைத்தியம்னு கேக்கறவங்களுக்கு. வெனிசுலா நாட்டு வலென்சியாக்காரர், 16 வயசுல மரினர்ஸ் எடுத்தாங்க, 19 வயசுல 2005ல மொத மேட்ச். 2019 வரைக்கும் பதினஞ்சு சீசன், ஒரே டீம். அவரோட சேஞ்சப் இருக்கு பாருங்க, நம்ம பாஷைல சொன்னா ஸ்லோயர் பால், ஆனா அதுவே கிட்டத்தட்ட 90 மைல்ல வரும், பேட்டுகிட்ட வந்ததும் தடுக்கி விழுந்த மாதிரி கீழ இறங்கும். ஸ்லோயர் பாலே அந்த வேகம்னா மிச்சத்த யோசிச்சுக்கோங்க.

ஆனா டீம்? ஐயோ. 2010 எடுத்துக்கோங்க. 162 மேட்ச்ல மொத்தமே 513 ரன், 101 மேட்ச் தோல்வி. ஒரு மேட்ச்சுக்கு மூணு ரன்னு சொச்சம். இவர் ஈஆர்ஏ 2.27, அதாவது ஒன்பது இன்னிங்ஸ் போட்டா ரெண்டு ரன்னுக்கு மேல கொஞ்சம்தான் கொடுப்பாரு, ஆனா பேஸ்பால்ல டீம் ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரு பிட்சர் பேர்ல எழுதுவாங்க, அந்தக் கணக்குல இவருக்கு 13 வெற்றி 12 தோல்வி. அந்த 13-12ஐ வச்சுக்கிட்டே சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு கொடுத்தாங்க, 21 மேட்ச் ஜெயிச்ச யாங்கீஸ் டீம் பிட்சர் சபாத்தியாவத் தாண்டி. பிட்சர் எவ்ளோ நல்லா போட்டாலும் பேட் பண்றவன் அடிக்கலன்னா என்ன பண்ணுவான்னு ஓட்டுப் போட்டவங்களுக்கே புரிஞ்சிருச்சு. நம்ம டீமுக்குத்தான் புரியல. பதினஞ்சு வருஷத்துல ஒரு ப்ளேஆஃப் மேட்ச் கூட ஆட விடல அவர. அவர் போன அப்புறம் 2022லதான் ப்ளேஆஃப் போனாங்க.

பர்ஃபெக்ட் கேம் கதைய நூறு தடவ சொல்லிட்டேன், நூத்தியொண்ணாவது தடவையும் கேளுங்க. 2012 ஆகஸ்ட் 15, புதன்கிழமை மத்தியானம், டேம்பா பே கூட. 27 பேர் வந்தாங்க, 27 பேரும் அவுட், ஒருத்தன் கூட ஃபர்ஸ்ட் பேஸ மிதிக்கல, வாக், அதாவது நாலு பந்து தப்பாப் போட்டா சும்மா கிடைக்கற ஃபர்ஸ்ட் பேஸ், அது கூட கிடையாது. 12 ஸ்ட்ரைக் அவுட். மரினர்ஸ் சரித்திரத்துல அது ஒண்ணுதான். அன்னிக்கு என் கையில டிக்கெட் இருந்துச்சு. ரெண்டு மணிக்கு மீட்டிங்னு ஆபீஸ்ல பக்கத்து சீட் பையன்கிட்ட கொடுத்துட்டேன். அந்த மீட்டிங் எதப் பத்தின்னு கூட இன்னிக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பையன் வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 அன்னிக்கு எனக்கு சுதந்திர தின வாழ்த்து அனுப்பறான், கூடவே டிக்கெட் ஃபோட்டோ.

அட, முக்கியமானத விட்டுட்டேன், அந்த மேட்ச்லயும் டீம் அடிச்சது ஒரே ஒரு ரன்தான்! 1-0. பர்ஃபெக்ட் கேம் போடலன்னா அதையும் தோத்திருப்பாரு.

இப்ப நேத்துக்கு வருவோம். எங்க சீட் மேல் அடுக்குல, முந்நூறு நம்பர் வரிசைல, ஆனா சாயங்கால வெயில், பூண்டு ஃப்ரைஸ் வாசனை, பக்கத்துல கூட்ஸ் வண்டி ஹார்ன், எல்லாம் அப்படியே. ஃபெலிக்ஸ் மைக் முன்னாடி வந்து நின்னதும் நான் கத்தவே இல்ல. கத்தணும்னுதான் போனேன், வாய் வரல. 2019 கடைசி மேட்ச் முடிஞ்சு அவர் அழுதுட்டே நின்னது கண்ணு முன்னாடி வந்துருச்சு. "என்ன, அழறீங்களா?"ன்னு கூட வந்த எங்க வீட்டுக்காரம்மா கேக்கறாங்க, இல்ல ஃப்ரைஸ்ல மிளகாய்னு சொன்னேன். அதுல மிளகாயே கிடையாது.

அப்புறம் மேட்ச். பால்டிமோர் கூட. நம்மளோடது எட்டு மேட்ச் வரிசையா ஜெயிச்சுட்டு வந்த டீம், முந்தின நாள்தான் இதே பால்டிமோர ஒன்பது ரன் அடிச்சு அனுப்பினாங்க. நேத்து நம்ம ஜார்ஜ் கிர்பி பந்து போடறாரு, ஒன்பது இன்னிங்ஸ், ஒரு ரன் கொடுக்கல. ஒன்பது இன்னிங்ஸ்! நம்ம ஆளுங்க எத்தன அடிச்சாங்க? பூஜ்ஜியம். ஒன்பதுல டை ஆனா பத்தாவது இன்னிங்ஸ்ல செகண்ட் பேஸ்ல சும்மா ஒரு ஆள நிறுத்தி ஆரம்பிக்கற ரூல் இருக்குல்ல, எனக்கு அறவே பிடிக்காத ரூல், அதுல அவங்க ஒரு ரன் எடுத்தாங்க, நம்ம எடுக்கல, முடிஞ்சுது. எனக்குப் பின்னாடி ஒரு தாத்தா, அவரும் மஞ்ச டிஷர்ட், சரியான சைஸ், "ஃபெலிக்ஸுக்கு மரியாதை பண்றோம்னா முழுசா பண்றாங்கப்பா"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாரு, சுத்தி இருந்த அத்தன பேரும் சிரிச்சுட்டோம். பாவம் கிர்பி.

திரும்பி வரும்போது ட்ரெயின்ல கால் வைக்க இடமில்ல. வேர்வைல ஜாக்கெட்ட கழட்டிட்டேன், தொப்புள் தெரிஞ்சா தெரியட்டும்னு. நாலு பேர் கைய நீட்டி ஹைஃபைவ் கொடுத்தாங்க.

காலைல அம்மா ஃபோன். "ஜெயிச்சாங்களாடா?" இல்லம்மா, ஒரு ரன்ல போச்சு. "அப்ப அந்தாளுக்கு எதுக்கு விழா எடுத்தாங்க?" அவர் ஆடலம்மா, ரிட்டயர் ஆயிட்டாரு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அந்தப் புது சட்டைய பத்திரமா எடுத்து வை, நான் மார்ச்ல வரேன்."