மாட்டுக்குப் போடும் ஊசியும் மாயாற்றுப் பாறும்

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் வானொலி கேட்பவர்களில் மாடு வளர்ப்பவர்கள் அதிகம் என்று நிலையத்தில் சொன்னார்கள். நான் பேச வந்தது ஒரு பறவையைப் பற்றி. ஆனால் பேச்சு முழுக்க மாட்டைச் சுற்றித்தான் போகும், ஏனென்றால் அந்தப் பறவையின் உயிர் உங்கள் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது.

பாறு கழுகு. பிணந்தின்னிக் கழுகு என்று பலர் சொல்வார்கள், எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. பாறு என்பது சங்கப் பாடல்களிலேயே இருக்கிற பழைய பெயர். கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிற பருந்து வேறு, இது வேறு. இது செத்ததைத் தின்று வாழும் பறவை. ஒரு பெரிய கூட்டம் இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டுப் போய்விடும், நாற்றமும் இருக்காது, நோயும் பரவாது, நாய்க்கூட்டமும் சேராது. அதன் வயிற்றில் இருக்கும் அமிலம் அவ்வளவு கடுமையானது, நம்மைக் கொல்லும் பல கிருமிகள் அதற்குள் போனால் செத்துப்போகும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போடும் இடத்தில் இவை கும்பலாக உட்கார்ந்திருக்கும். திருக்கழுக்குன்றத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், மலைமேல் பொங்கல் வைத்தால் இரண்டு கழுகுகள் வந்து தின்றுவிட்டுப் போகும். அவை மஞ்சள்முகப் பாறு என்ற வகை. தொண்ணூறுகளுக்குப் பிறகு அங்கேயும் வருவதில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் இவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும், முதுமலை, சீகூர், சத்தியமங்கலம் பக்கம். வெண்முதுகுப் பாறு அங்கே ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது, கருங்கழுத்துப் பாறு பாறை இடுக்குகளில் கட்டுகிறது. செந்தலைப் பாறும் மஞ்சள்முகமும் மிகவும் குறைவு.

சரி, மற்றதெல்லாம் எங்கே போயின? இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் நான் கால்நடை மருத்துவர், அந்த மருந்தை என் கையாலேயே போட்டிருக்கிறேன். டைக்ளோபினாக் என்ற வலிமருந்து. தொண்ணூறுகளில் வந்தது, விலை குறைவு, மடிவீக்கமோ மூன்று நாள் காய்ச்சலோ கால்வலியோ எதுவாக இருந்தாலும் ஒரு ஊசி போட்டால் மாடு எழுந்து நிற்கும், விவசாயி சந்தோஷமாகப் போவார். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் அந்த மாடு செத்துப்போய், அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் வேலை செய்யாமல் போய், யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல உள்ளுறுப்புகள்மேல் படிந்து, சில நாளில் தலை தொங்கிச் செத்துவிழும். இது 2004இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோகும் பாதையில் இருந்தன. எல்லா மாட்டிலும் மருந்து இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றில் இருந்தாலே போதும், கூட்டமாக வந்து தின்பதால் கூட்டமாகச் சாகும். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை இது, அது குஞ்சாகி வளர்ந்து தானும் கூடு கட்ட ஐந்து வருடமாவது ஆகும்.

2006இல் மாட்டுக்கான டைக்ளோபினாக்கைத் தடை செய்தார்கள். ஆனால் மனிதர்களுக்கான மருந்து 30 மில்லி பாட்டிலில் கடையில் கிடைத்ததே, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் அந்தப் பெரிய பாட்டிலையும் நிறுத்தி 3 மில்லிக்கு மேல் விற்கக்கூடாது என்று வந்தது. அப்புறம் 2023இல், பாறுக்கு அதேபோல் ஆகாத கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துகள் இரண்டும் கால்நடைக்குத் தடை. நிமிசுலைடும் பிறகு தடையானது.

சட்டம் டெல்லியில் வரும், அது மாயாற்றுக் கரையில் இருக்கும் தெங்குமரஹாடாவில் ஒரு மாட்டுப்பட்டிக்கு எப்படிப் போய்ச் சேரும்? அந்த வேலையைத்தான் கோவையை மையமாகக் கொண்ட அருளகம் என்ற அமைப்பு பல வருடமாகச் செய்துவருகிறது. அந்த அமைப்பின் பாரதிதாசனும் அவரோடு இருப்பவர்களும் மரத்தடியில் பைனாகுலரோடு நின்று கூடு எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மருந்துக்கடைக்குப் போகிறார்கள், எங்களைப் போன்ற மருத்துவர்களிடம் பேசுகிறார்கள், ஊர்க்கூட்டம் போடுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். பறவையைக் காப்பாற்ற மருந்துச்சீட்டைப் படிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் இவர்கள், அதனாலேயே இவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நான் போன ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார், "டாக்டரே, பறவைக்கு ஆகாதுன்னு சொல்றீங்க, அப்போ என் மாடு வலியில கிடக்கணுமா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் எந்தக் கூட்டமும் போடக்கூடாது. பதில் இருக்கிறது: மெலாக்சிகாம். அதே காய்ச்சலுக்கும் அதே வீக்கத்துக்கும் கேட்கும், பாறுக்கும் தீங்கில்லை. டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படித்தான். அந்த அம்மா மருந்தின் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார், மகளிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த முறை நான் போனபோது அவர் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் மெலாக்சிகாம் என்று பெரிதாக எழுதியிருந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது மருந்தைவிட வேகமாகக் கொல்வது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் அந்தப் பிணத்தின்மேல் குருணை மருந்தை, அதாவது பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லியை, தூவி வைக்கிறார்கள். புலி வருகிறதோ இல்லையோ, பாறு கூட்டமாக வந்து அங்கேயே விழும். மாட்டை இழந்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது, ஒரு கறவை மாடு என்றால் ஒரு வீட்டின் அரிசி. அதனால்தான் வனத்துறை கொடுக்கிற இழப்பீடு சீக்கிரம் கைக்கு வர வேண்டும், அதற்கு மனு எழுதிக்கொடுக்கிற இளைஞர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் அதுவும் பறவைப் பாதுகாப்புதான்.

காட்டுக்குள் தானாகச் செத்த மானையும் காட்டெருமையையும் புதைக்காமல், எரிக்காமல் விட்டுவிடுங்கள் என்றும் பாறுகளைக் காக்க உழைப்பவர்கள் கேட்டு வருகிறார்கள். பாறுக்குச் சுத்தமான சாப்பாடு அதுதான். ஆனால் உங்கள் மாடு திடீரென்று செத்து மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்திருந்தால் அது அடைப்பான் என்ற ஆந்த்ராக்ஸ் நோயாக இருக்கலாம், அதைத் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, மாயாற்றுப் பக்கம் மாடு மேய்ப்பவர்களுக்கு. குளிர்காலம் தொடங்கி கோடை வரைக்கும் நீர்மருது மரங்களில் முட்டையும் குஞ்சும் இருக்கும். கூடு இருக்கிற மரத்தடியில் பட்டி போடாதீர்கள், தீ மூட்டாதீர்கள், கூட்டம் போட்டு நிற்காதீர்கள். மாட்டுக்கு மருந்து வாங்கப் போனால் கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், படிக்க வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெ-லாக்-சி-காம். மறுபடியும் சொல்கிறேன், மெலாக்சிகாம். வணக்கம்.