லென்ஸால் ஏறிய கண்ணழுத்தம்: அறுவை மேசைக்கு முன்னும் பின்னும்

அனைவருக்கும் வணக்கம்.

கண் சிவந்து, வலி தாங்காமல், குமட்டலோடு ஒருவர் வருகிறார். கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியா ஆவி படிந்த கண்ணாடி போல மங்கிக் கிடக்கிறது. அதன் பின்னே கண்பாப்பா முழுக்க வெள்ளை. அழுத்தம் 50 மி.மீ. பாதரசம், 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது. இவருக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் பார்வை நரம்பு செத்துவிடும். அழுத்தத்தை ஏற்றியது கண்ணுக்குள் இருக்கும், புரை விழுந்த லென்ஸ். அது வெளியே வந்தால்தான் கண் அடங்கும்.

லென்ஸ் என்ன செய்தது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். நீர் ஏறிப் பருத்த புரை, பாப்பாவைச் சுற்றிய நிறத்திரையான ஐரிஸை முன்னே தள்ளி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் ஓரக் கோணத்தை அடைக்கிறது. கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவிலுள்ள முன்னறை ஒட்டிப்போய் இருக்கும். அளவுக்கு மீறி முற்றிய புரையில் கோணம் திறந்தே இருக்கும். லென்ஸின் உறை வழியே கசிந்த புரதமும், அதை விழுங்கிப் பருத்த வெள்ளணுக்களும் கோணத்திலுள்ள வடிகால் சல்லடையை அடைத்துவிடும். கண் பார்க்கும் நுண்ணோக்கியான ஸ்லிட் லாம்பில் உற்றுப் பார்த்தால் முன்னறை நீரில் மினுமினுக்கும் துகள்கள் மிதப்பது தெரியும். மறு கண்ணையும் பாருங்கள். அங்கேயும் முன்னறை ஆழமில்லை என்றால், கோணம் இயல்பிலேயே குறுகியதாக இருக்கலாம். பழியை லென்ஸ் மேல் மட்டும் போட முடியாது.

அடுத்து, அழுத்தத்தை இறக்குவது. 50-இல் நிற்கும் கண்ணை அப்படியே திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் சரிந்துவிடும். விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தக் குழாய் வெடித்து, கண்ணுக்குள் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிடலாம். அதனால் 20 சதவீத மானிடால், கிலோ எடைக்கு 1 கிராம் கணக்கில்: 60 கிலோ ஆளுக்கு 300 மி.லி., சிரை வழியே 30 முதல் 45 நிமிடத்தில் ஏற வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு இது ஆபத்து. பொது மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். கூடவே அசிட்டசோலமைடு மாத்திரை, டிமோலால் சொட்டு, வீக்கத்துக்கு பிரட்னிசோலோன் சொட்டு. பருத்த புரையில், பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்ப்பின் சொட்டு வேண்டாம். அது லென்ஸை இன்னும் முன்னே நகர்த்தி அடைப்பைக் கூட்டும். மேசைக்கு ஏற்றுமுன் நோயாளி சிறுநீர் கழித்துவிட வேண்டும். மானிடால் ஏறியவர் நடுவில் முக்கினால், இறக்கிய அழுத்தம் திரும்ப ஏறும். சின்ன விஷயம்தான், ஆனால் அடிக்கடி மறந்துபோவது.

இனி அறுவை. முதலில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கார்னியா மங்கலாக இருந்தால் கிளிசரின் சொட்டு சற்று நேரம் தெளிவைத் தரும். புரை வெள்ளையாக இருப்பதால் உறை கண்ணுக்குத் தெரியாது. காற்றுக் குமிழியின் கீழ் உறைக்குச் சாயமேற்றும் டிரைபான் நீலம் விட்டு, கழுவி, அறையைத் தாங்கும் கூழான விஸ்கோவைக் கெட்டியான வகையில் எடுத்து நிரப்பி லென்ஸின் புடைப்பை அமுக்குங்கள்.

இந்த அறுவையின் உயிர்நிலை அடுத்த நொடிதான். பருத்த லென்ஸுக்குள் இருப்பது பால் போன்ற திரவம், அதுவும் அழுத்தத்தோடு. 26 எண் ஊசியால் உறையின் நடுவில் குத்தியதும் அது பீச்சி வரும். உடனே உறிஞ்சிவிட்டு, மறுபடி விஸ்கோ நிரப்பி, உறையைச் சிறு வட்டமாகக் கிழித்து, பிறகு விரியுங்கள். அவசரப்பட்டால் கிழிசல் இரு பக்கமும் ஓடிவிடும்: நீல உறை இரண்டாகப் பிளந்து நடுவே வெள்ளைப் பட்டை. அர்ஜென்டினாக் கொடி என்று அறுவையாளர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கிழிசல் பின்னுறை வரை ஓடினால் லென்ஸின் நடுப்பகுதியான கரு, கண்ணின் பின்பகுதியை நிரப்பும் விட்ரியஸ் கூழுக்குள் விழும்.

கரு கெட்டியாகி, கார்னியாவும் மங்கியிருந்தால், பேக்கோ, அதாவது கருவை ஒலியலையால் உடைத்து உறிஞ்சும் முறையைச் செய்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வெண்விழியில் 6 முதல் 7 மி.மீ. சுரங்க வெட்டு அமைத்துக் கருவை முழுசாக எடுப்பது கார்னியாவுக்கு நல்லது. முற்றிய புரையில் லென்ஸைத் தாங்கும் இழைகள் நைந்திருக்கும், ஆகவே கருவைச் சுழற்றும்போது கை மென்மையாக இருக்கட்டும். இழை ஒரு பக்கம் விட்டிருந்து, லென்ஸின் உறைப்பை கிழியாமல் இருந்தால், பைக்குள் வளையம் வைத்துத் தாங்கலாம். செயற்கை லென்ஸை வைத்தபின் அதன் பின்னாலும் விஸ்கோவை உறிஞ்சுங்கள். மிச்சம் விட்டால் அன்றிரவே அழுத்தம் எகிறும்.

இடம் பெயர்ந்த லென்ஸுக்கு வழி வேறு. முன்னறைக்குள் விழுந்திருந்தால் பாப்பாவை விரிக்காதீர்கள், லென்ஸ் பின்னால் நழுவிவிடும். சுருக்கி வைத்து முன்வழியாக எடுக்க வேண்டும். விட்ரியஸில் விழுந்தது விழித்திரை நிபுணரின் வேலை.

வடிகால் அறுவையையும் சேர்த்தே செய்யலாமே என்று கேட்கிறார்கள். சில நாட்களே ஆன கண்ணில் அது பெரும்பாலும் தேவைப்படாது. லென்ஸ் போனதும் சல்லடை தானே தெளியும். வாரக்கணக்கில் கிடந்து, கோணம் ஐரிஸோடு ஒட்டிப்போன கண்ணில்தான் அதை யோசிக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பே குடும்பத்தாரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். வலி போகும், அழுத்தம் இறங்கும். நரம்பு ஏற்கெனவே இழந்த பார்வை மட்டும் திரும்பாது. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கார்னியா தெளிந்து நரம்பைப் பார்த்தால்தான் தெரியும். அறுவை முடிந்த அன்று மாலையும் மறுநாள் காலையும் அழுத்தம் பாருங்கள். சொட்டுகளை நிறுத்தியபின், கோனியோ லென்ஸ் வைத்துக் கோணத்தை ஒருமுறை முழுச் சுற்றாகப் பார்த்துக் குறித்து வையுங்கள்.