தெரிந்துகொள்ளுதல் யாரைப் பற்றிய வார்த்தை?

அன்பான சகோதர சகோதரிகளே, மேடையில் இருக்கிற ஐயர்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒருவன் இரட்சிக்கப்படுவது தேவன் அவனைத் தெரிந்துகொண்டதாலா, அதாவது முன்னமே தேர்ந்தெடுத்ததாலா, அல்லது அவனே தீர்மானிப்பதாலா? தேவ சித்தமா, மனுஷ சித்தமா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இருபத்தாறு வயதுப் பையன். குடி, அப்புறம் பைக் விபத்து. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். அவனுடைய நீலச் சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மடித்து வைக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஐயா, என் பையன் பேரை அந்த ஜீவ புஸ்தகத்துல முதல்லயிருந்தே எழுதலையா?"

எங்கிருந்து இந்தக் கேள்வி வந்தது என்று விசாரித்தேன். அடக்கத்துக்கு வந்த ஊழியர் ஒருவர், தேவன் தெரிந்துகொண்டவன் எப்படியும் வந்து சேருவான், வராமல் போனவன் தெரிந்துகொள்ளப்படாதவன் என்று விளக்கிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த விவாதத்தின் வரலாற்றை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். படித்ததில் மனதில் தங்கியதை இன்று சொல்கிறேன்.

இது பழைய விவாதம். ஆதிச் சபையின் பெரிய போதகர் அகஸ்டின் தன்னுடைய அறிக்கை நூலில் ஒரு ஜெபம் எழுதினார்: நீர் கட்டளையிடுவதைச் செய்யும் பெலனைத் தாரும், பிறகு உமக்குச் சித்தமானதைக் கட்டளையிடும். ரோமாபுரியில் இதை ஒருவர் சொல்லக் கேட்ட பெலேஜியஸ் என்ற போதகருக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் தேவனே தரவேண்டும் என்றால் மனுஷன் கை கட்டி உட்கார்ந்துவிடுவானே, பரிசுத்தமாய் வாழ யார் பாடுபடுவான் என்று அவர் நினைத்தார். 418-ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேஜியஸின் போதனையைத் தள்ளியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அகஸ்டின் அந்த வரியை எழுதியது தன்னைப் பற்றி. தன் இச்சையை வெல்ல முடியாமல் அழுத மனுஷனின் ஜெபம் அது. அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிய தீர்ப்பாக அது எழுதப்படவில்லை.

லூதரும் எராஸ்மஸும் இதே கேள்வியில் 1524, 1525-ல் மோதிக்கொண்டதைத் தாண்டிப் போகிறேன். டச்சுக்காரர்களிடம் கொஞ்சம் நிற்கவேண்டும். நம் ஊர் வாட்ஸப் குழுக்களில் "கால்வினியன்", "அர்மீனியன்" என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறோமே, அந்தப் பெயர்கள் சண்டைக்கு வந்த இடம் அதுதான். தேவன் தெரிந்துகொண்டவர்களே வந்து சேருவார்கள் என்கிறவர் கால்வினியன், வருகிற கிருபையை மனுஷன் ஏற்கவும் தள்ளவும் முடியும் என்கிறவர் அர்மீனியன்.

யாக்கோபஸ் அர்மீனியஸ் ஔடேவாட்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1575-ல் ஸ்பானியப் படை அந்த ஊரில் புகுந்து வெட்டியபோது அவருடைய குடும்பத்தார் செத்துப்போனார்கள். இவர் வெளியூரில் இருந்ததால் பிழைத்தார். ஜெனீவாவில், கால்வினுக்குப் பின் வந்த பேசாவிடமே படித்தார். ஆம்ஸ்டர்டாமில் போதகராக இருந்தார், 1603-லிருந்து லெய்டனில் பேராசிரியர். 1609-ல் இறந்தார். மறு வருடம் அவர் வழி வந்தவர்கள் ஐந்து குறிப்புகள் கொண்ட மனு ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த மனுவின் மூன்றாவது குறிப்பைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மனுஷனுக்குத் தன்னால் இரட்சிக்கும் விசுவாசம் கிடையாது, தன் சுயசித்தத்தின் பெலத்தாலும் அது வராது, பரிசுத்த ஆவியானவரால் மறுபடி பிறக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. "அர்மீனியன் என்றால் மனுஷன் தன்னைத் தானே இரட்சித்துக்கொள்வான் என்று சொல்கிறவன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அது அந்த மனுஷர் மேல் நாம் சுமத்துகிற பொய். கிருபை முந்தி வரவேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வருகிற கிருபையை மனுஷன் தட்டிவிட முடியுமா என்பதில்தான் பிரிந்தார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்ல 1618 நவம்பரில் டார்ட்ரெக்ட் என்ற ஊரில் ஒரு சங்கம் கூடியது. பிரிட்டன், ஜெர்மன் நாடுகள், சுவிட்சர்லாந்து என்று வெளிநாட்டுப் பிரதிநிதிகளும் வந்தார்கள். 1619 மே மாதம் வரை நடந்தது. மனு கொடுத்தவர்களின் கட்சி தோற்றது. சுமார் 200 போதகர்கள் வேலையை இழந்தார்கள். அவர்களை ஆதரித்த மூத்த அரசியல்வாதி யோஹன் வான் ஓல்டன்பார்னவெல்ட், எழுபதைத் தாண்டிய கிழவர், அந்த மே 13 அன்று ஹேகில் தலை வெட்டப்பட்டார். அது அரசியல் வழக்குதான், சங்கம் தந்த தண்டனை கிடையாது. ஆனாலும் இரண்டும் ஒரே காற்றில் நடந்தன. கிருபையைப் பற்றிப் பேசி முடித்த அதே மாதத்தில் இரத்தம் சிந்தியதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

அந்த டார்ட்ரெக்ட் சங்கத்தின் தீர்மானங்களை டார்ட் தீர்மானங்கள் என்பார்கள். அவற்றில் இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கால்வினியச் சகோதரர்களே பாதிப்பேர் வாசித்திருக்க மாட்டார்கள். முதல் பகுதியின் பதினாறாவது குறிப்பு. தங்களுக்குள் உறுதியான விசுவாசத்தை இன்னும் உணராமல், ஆனால் தேவனைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள், தள்ளப்படுதல், அதாவது தெரிந்துகொள்ளப்படாமல் விடப்படுதல், என்ற வார்த்தையைக் கேட்டு நடுங்கக்கூடாது, தங்களைத் தள்ளப்பட்டவர்களோடு சேர்த்து எண்ணக்கூடாது என்கிறது. நெரிந்த நாணலை முறிக்காதவர் அவர் என்று ஆறுதல் சொல்கிறது. அடுத்த குறிப்பு, குழந்தையிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த விசுவாசிகளான பெற்றோரைப் பற்றியது. அவர்கள் தங்கள் பிள்ளையின் இரட்சிப்பைச் சந்தேகிக்கவேண்டாம் என்கிறது. இரண்டாம் பகுதியிலோ, சுவிசேஷத்தை எந்த வித்தியாசமும் பாராமல் எல்லாருக்கும் அறிவிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இதை எழுதியவர்கள் கண்டிப்பானவர்கள், நான் அவர்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவன் இல்லை. ஆனால் துக்க வீட்டில் எந்தக் கதவைத் திறக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1739 பிப்ரவரி. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதி. கோயில் பக்கமே வராத, வந்தாலும் யாரும் உட்கார இடம் தராத ஜனங்கள். ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கு அப்போது 24 வயது. குளோஸ்டரில் ஒரு சத்திரக்காரரின் மகன், ஆக்ஸ்போர்டில் பணக்கார மாணவர்களுக்கு வேலை செய்து படித்தவர். திறந்த வெளியில் நின்று பிரசங்கித்தார். சுரங்கத்திலிருந்து அப்படியே வந்து நின்றவர்களின் கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடுகளாக இறங்கியதைப் பார்த்தார். அமெரிக்காவுக்குப் போகவேண்டியிருந்ததால், இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தன்னைவிடப் பதினொரு வயது மூத்த நண்பர் ஜான் வெஸ்லியைக் கூப்பிட்டார். ஒழுங்கு தவறாத வெஸ்லிக்கு வயல்வெளிப் பிரசங்கம் என்றாலே கூச்சம். ஏப்ரல் 2 அன்று அவரும் வெளியில் நின்று பேசினார்.

அந்த மாத முடிவிலேயே, விட்ஃபீல்ட் நம்பிய முன்குறித்தலை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே குறித்துவிட்டார் என்ற உபதேசத்தை, எதிர்த்துப் பிரசங்கம் செய்தார் வெஸ்லி. தேவ சித்தம் அறியச் சீட்டுப் போட்டுப் பார்த்து, "பிரசங்கி, அச்சிடு" என்று வந்ததாகச் சொல்லி அச்சிட்டார். வேண்டாம் என்று விட்ஃபீல்ட் கெஞ்சியிருந்தார். அவர் கப்பலேறிய பிறகு அது வெளிவந்தது. இந்த உபதேசம் தேவனைப் பிசாசைவிடக் கொடியவராக ஆக்குகிறது என்று வெஸ்லி அதில் எழுதினார். கடுமையான வார்த்தை. ஆனால் அவர் என்ன பார்த்துக்கொண்டு எழுதினார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கரி படிந்த முகங்களை. அவர்களில் யாருக்கோ முன்னமே கதவு சாத்தியாகிவிட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

விட்ஃபீல்ட் ஜார்ஜியாவில் தான் கட்டிய அநாதை இல்லத்திலிருந்து 1740 டிசம்பர் 24 அன்று பதில் எழுதினார். தேவன் தெரிந்துகொள்ளவில்லை என்றால் நான் ஒருநாளும் வந்திருக்க மாட்டேன், பிரசங்கிப்பது யார் யார் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று நமக்குத் தெரியாததால்தான், ஆகவே எல்லாருக்கும் பிரசங்கிக்கவேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் கோபத்தில் வெஸ்லி சீட்டுப் போட்ட அந்தரங்கத்தையும் வெளியே சொல்லிவிட்டார். அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டார். இதற்கிடையில் விட்ஃபீல்டின் இன்னொரு தனிக் கடிதத்தை யாரோ அனுமதியில்லாமல் அச்சடித்து, லண்டனில் வெஸ்லியின் ஜெபக்கூட்ட வாசலில் விநியோகித்தார்கள். வெஸ்லி ஒரு பிரதியைக் கையில் எடுத்து, விட்ஃபீல்ட் இங்கே இருந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்கிறேன் என்று சொல்லிக் கிழித்தார். கூட்டம் முழுவதும் கிழித்தது. இரண்டு நிமிடத்தில் முழுப் பிரதி ஒன்றுகூட மிச்சமில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1741-ல் திரும்பி வந்த விட்ஃபீல்ட், நீரும் நானும் இரண்டு வெவ்வேறு சுவிசேஷங்களைப் பிரசங்கிக்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கூட்டங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஆனால் சில வருடங்களிலேயே நட்பு திரும்பியது. உபதேசத்தில் ஒருவரும் இறங்கி வரவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கிருபையைப் பற்றி அப்படி உருகிய விட்ஃபீல்ட், ஜார்ஜியாவில் அடிமை முறையை அனுமதிக்கவேண்டும் என்று வாதாடினார், அடிமைகளையும் வைத்திருந்தார். வெஸ்லியோ 1774-ல் அடிமை முறையை எதிர்த்து எழுதினார். மரிக்கிறதற்குச் சில நாள் முன்பு, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதிய கடிதமும் அதைப் பற்றித்தான். விட்ஃபீல்டை நேசிக்கிற நானும் இதைச் சேர்த்தே சொல்லியாகவேண்டும்.

விட்ஃபீல்ட் 1770 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் நியூபரிபோர்ட்டில் இறந்தார். தன் நினைவுப் பிரசங்கத்தை வெஸ்லிதான் செய்யவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். நவம்பர் 18 அன்று 67 வயது வெஸ்லி லண்டனில் அந்தப் பிரசங்கத்தைச் செய்தார். முன்குறித்தலை அங்கே இழுக்கவேயில்லை. உண்மையான தேவபிள்ளைகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடுள்ள காரியங்கள் இருக்கின்றன, அவற்றில் நாமும் யோசிப்போம், மற்றவர்களையும் யோசிக்க விடுவோம் என்றார். விட்ஃபீல்டின் உபதேசத்தை விட்டுவிட்டார் என்று அதற்கும் சிலர் குறை சொன்னார்கள்.

இன்னொரு சந்திப்பு. 1780-களில் கேம்பிரிட்ஜிலிருந்து இருபதுகளில் இருந்த ஓர் இளம் போதகர், சார்ல்ஸ் சிமியோன், எண்பதைத் தாண்டிய வெஸ்லியைப் பார்க்கப் போனார். ஐயா, உம்மை அர்மீனியன் என்கிறார்கள், என்னைக் கால்வினியன் என்கிறார்கள், கத்தியை உருவுகிறதற்கு முன் சில கேள்விகள் கேட்கலாமா என்றார். தேவன் முதலில் உம் இருதயத்தில் வைக்காமல் இருந்தால் அவரிடம் திரும்ப உமக்கு எண்ணமே வந்திருக்குமா? வந்திருக்காது. உம் கிரியையால் கொஞ்சமாவது இரட்சிக்கப்படுவீரா? இல்லை, முதலிலிருந்து கடைசிவரை கிறிஸ்துவால். தாயின் கையில் இருக்கும் குழந்தையைப்போல அவர் உம்மைத் தாங்கவேண்டுமா? ஆமாம். அப்படியானால் என் கத்தியை உறையில் போட்டுவிடுகிறேன், இதுதான் என் கால்வினியம் என்றார் சிமியோன்.

எல்லாக் கேள்வியும் "உமக்கு", "உம்மை" என்று இருக்கிறதைப் பாருங்கள். தெரிந்துகொள்ளுதல் என்பது ஒருவன் தன்னைப் பற்றி, நன்றியோடு, முழங்காலில் சொல்லவேண்டிய வார்த்தை என்று நான் நம்புகிறேன். "அவன் தெரிந்துகொள்ளப்படவில்லை" என்று அடுத்தவனைப் பற்றிச் சொல்ல நமக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை.

அதேபோல மறுபக்கத்திலும் காயப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி. ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்திலும் கை தூக்கினவன். "எட்டுத் தடவை ஒப்புக்கொடுத்துட்டேன் அண்ணா, ஒண்ணுமே பிடிக்கல" என்று என்னிடம் அழுதான். உன் தீர்மானத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, அவன் தன் தீர்மானத்தையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விட்ஃபீல்ட் தேவை. விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம் என்ற ரோமர் 9-ம் அதிகாரத்து வசனத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பிடித்திருப்பது உன் கை இல்லடா தம்பி, அவர் கை என்றேன்.

அதே ரோமர் 9-ஐத்தான் அந்த ஊழியரும் துக்க வீட்டில் மனதில் வைத்துப் பேசியிருப்பார். ஆனால் அந்த அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது? என் ஜனத்தாருக்காக எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் இருக்கிறது என்று பவுல் ஆரம்பிக்கிறார். பத்தாம் அதிகாரம் அவர்கள் இரட்சிக்கப்படவேண்டும் என்ற ஜெபத்தோடு தொடங்குகிறது. அந்த ஒன்பதாம் அதிகாரத்தில் குயவனையும் களிமண்ணையும் பற்றி எழுதிய கை, அழுதுகொண்டே எழுதிய கை.

நம் சபைக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் குடும்பத்தார் அமெரிக்காவின் டச்சுச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். டார்ட் தீர்மானங்கள் அந்தச் சபையின் விசுவாசப் பிரமாணங்களில் ஒன்று. வெஸ்லியின் வழி வந்த மெதடிஸ்டுகளும் நம் ஊர்களில் சபை கட்டினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த இரண்டு வழியினரும், ஆங்கிலிக்கன், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபையாரோடு ஒரே சபையானார்கள். இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட்டுச் சேரவில்லை. தீராத கேள்வியோடு ஒரே அப்பத்தைப் பிட்டார்கள்.

அந்த அம்மாவிடம் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். சட்டை ஆணியில் இல்லை. மடித்து அலமாரியில் வைத்திருந்தார்கள். புஸ்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதும்மா, அதை வாசித்தது போல அந்த ஊழியர் உங்களிடம் பேசினதும் தப்பு என்று முதலில் சொன்னேன். பிறகு மத்தேயு 23-ஐத் திறந்து, எருசலேமைப் பார்த்து இயேசு சொன்னதை வாசித்தேன். கோழி தன் குஞ்சுகளைச் சிறகுகளின் கீழே சேர்க்கிறதைப்போல எத்தனை தரமோ உன் பிள்ளைகளைச் சேர்க்க மனதாயிருந்தேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்கள்: "அப்போ அவருக்கு மனசு இருந்துச்சு இல்ல ஐயா?"

இருந்ததும்மா என்றேன்.